அப்பீல் அண்ணன் கேட்ட தஞ்சம்

ஆம்பூரில் அப்பீல் அண்ணன் வாதாடாத டீக்கடையும் கிடையாது, தோற்றதாக ஒப்புக்கொண்ட டீக்கடையும் கிடையாது. நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அவர் ஏற்றுமதிப் பிரிவு கிளார்க். கேன்டீன் உப்புமாவில் உப்பு கம்மி என்று மேனேஜரிடம் போய், அவர் கையை விரித்ததும் நேரே முதலாளி அறைக்குள் தட்டோடு நுழைந்தவர். பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் பேப்பரோடு வந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கத் தடையாம். ஒரு குடும்பம் அமெரிக்காவுக்குப் போய், துன்புறுத்துகிறார்கள், தஞ்சம் கொடுங்கள் என்று கேட்டிருந்தது.

"இன்னா நியாயம் இது?" என்றார் கட்டிங் செக்‌ஷன் பஷீர் பாய். "வீடு எரிஞ்சு, உசிரக் கையில புட்ச்சிக்கினு ஓடி வந்தவன் வருஷக்கணக்கா லைன்ல நிக்கிறான். இவுங்களுக்கு ஸ்கூல் புடிக்கலன்னா தஞ்சமா?"

"அவனுக்குக் குடுக்காதது தப்பு பாய். அதுக்காக இவுங்க கேக்கறது எப்டி தப்பாவும்? என் புள்ளைக்கு இன்னா சொல்லித்தரணும்னு சர்க்கார் இன்னா சொல்றது?" என்றார் அண்ணன்.

வாதத்தோடு நின்றிருக்கலாம். அந்த வாரம் பார்த்து, அவர் மகள் ஜெனிக்குக் கணக்கில் விடை சரியாக இருந்தும், போட்ட வழி வேறு என்று டீச்சர் மார்க்கைக் குறைத்துவிட்டார். பத்தாவது படிக்கிற பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டு ஹாலில் கரும்பலகை மாட்டினார் அண்ணன். தன் மனைவி ஸ்டெல்லா அக்கா அதே பள்ளியில் டீச்சர் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுருட்டிய படுக்கையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"வூட்ட வுட்டுத் தொரத்திட்டா. கொள்கைக்காகத் துன்புறுத்தறாங்க. தஞ்சம் குடு."

பஷீர் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். கையில் பிரியாணியோடு வந்து நீதிபதியாக உட்கார்ந்தார்.

"உசிருக்கு ஆபத்து இருக்குதா?"

"சோத்துக்கு இருக்குது."

"அடிச்சாங்களா?"

"பேசவே மாட்டேன்றா பாய். அதுக்கு அடியே தேவலாம்."

பிரியாணி தீர்ந்தது. விசாரணை தீரவில்லை. அப்போது ஜெனி சைக்கிளில் வந்து இறங்கினாள். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"மாமா, எனக்கும் தஞ்சம் வேணும்."

"யார்கிட்டேர்ந்தும்மா?"

"டாடிகிட்டேர்ந்து. ஸ்கூல்ல பீரியட் முடிஞ்சா பெல் அடிக்கும். டாடிக்கு பெல்லே கெடையாது. காலைல பின்னம் ஆரம்பிச்சாரு, மத்தியானம் ரோமாபுரிக்குப் போய்ட்டாரு. பரீட்சைக்கு என் பேர் போவலன்னா ஒரு வருஷம் வீணாப்பூடும். அந்த வெளிநாட்டுப் புள்ளைங்களயாவது யாராச்சும் கேட்டாங்களா, உங்களுக்கு இன்னா வேணும்னு?"

பஷீர் பாய் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் கத்தியதில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அப்பீல் அண்ணன் மெதுவாக, "நான் நடத்துனது புரியலியா பாப்பா?" என்றார்.

"புரிஞ்சுது டாடி. நல்லாவே புரிஞ்சுது. சனிக்கெழம சொல்லிக்குடு. மத்த நாள் ஸ்கூலுக்குப் போறேன்."

"ஞாயித்துக்கெழமையும்."

"சர்ச்சு முடிஞ்சு அரை நாள்."

படுக்கையைக் கேரியரில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரை நாள் என்றால் எதுவரை என்ற தகராறு தெருமுனை திரும்பும்வரை கேட்டது. அப்புறம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. விசாரணையை இன்னும் இரண்டு நாள் இழுத்திருக்கலாம் என்று பட்டது.