ஏழுமலை அண்ணனின் கம்ப்யூட்டரை நான் குளிப்பாட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. அழுக்கைப் பார்த்தால் கை ஊறும். சொந்த வீட்டு அழுக்கென்றால் அவ்வளவாக ஊறாது (என் மாமியாரைக் கேட்டால் விளக்கமாகவே சொல்வார்). ஆனால் பழைய கம்ப்யூட்டர் மேல் படிந்த அழுக்கு, அதிலும் அடுத்தவருடைய கம்ப்யூட்டர் என்றால், எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிய ஒரு டப்பாவை இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்ததில் ஆரம்பித்தது. இன்றைக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் முப்பத்தோரு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள், "ரிப்பேர் கடை வச்சிருக்கீங்களா?" என்பார்கள். இல்லை, சேகரிக்கிறேன் என்பேன். "எதுக்கு?" என்பார்கள். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிற எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிவதில்லை.

பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிப்பதில் இரண்டு வித்தைகளில் நான் கெட்டிக்காரி. ஒன்று, மஞ்சளடித்துப்போன பிளாஸ்டிக்கை வெளுப்பது. பியூட்டி பார்லரில் முடிக்கு நிறமெடுக்கப் பூசும் கிரீமை அதன்மேல் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் வைத்தால் போதும். சாயங்காலம் புதுசாகப் பிறந்து வரும். (அந்த கிரீமை நான் டப்பா டப்பாவாக வாங்குவதைப் பார்த்து, பார்லர்ப் பெண் என் தலையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள்.) இரண்டாவது, பழைய ஸ்டிக்கர்களை உரிப்பது. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல், பசைகூட மிஞ்சாமல் எடுத்துவிடுவேன். இந்த இரண்டு கெட்டிக்காரத்தனமும் ஒரே நாளில் சேர்ந்ததால் நடந்ததுதான் இந்தக் கதை.

ஏழெட்டு வருடம் இருக்கும். என் வீட்டுக்காரர் சேகர் அப்போது எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். பித்தளை வால்வு செய்கிற கம்பெனி. அதன் முதலாளியம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரான்சிலிருந்து அவர் கணவர் ஒரு காலத்தில் இறக்கிய லேத் ஒன்று அங்கே உண்டு. பித்தளையில் எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்று அந்த லேத்துக்குச் சொல்வது, பக்கத்திலேயே மேசைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். பிரெஞ்சு கீபோர்டு வேறு. நம் கீபோர்டில் க்யூ இருக்கிற இடத்தில் அதில் ஏ இருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு வாயில் எச்சில் ஊறியது. என்றைக்காவது மதாம் புது கம்ப்யூட்டர் வாங்கினால் இது என் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று அந்த நிமிடமே மனசுக்குள் துண்டு போட்டுவிட்டேன்.

அந்த லேத்தை ஓட்டியவர் சேதராப்பட்டு ஏழுமலை அண்ணன். இருபது வருடத்துக்கு மேல் அந்த ஒரு லேத்தோடு வாழ்ந்தவர். வேறு மெஷின் அவருக்குத் தெரியாது, பழகவும் மாட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். பூஜை முடிந்தாலும் சந்தனத்தைத் துடைக்க மாட்டார். அடுத்த வருடச் சந்தனம் அதன்மேலேயே ஏறும். இப்படி அந்தப் பெட்டியின் வலது மூலையில் ஒரு சின்ன மலையே வளர்ந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் லேத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் கண்ணெதிரே ஒரு வால்வைக் கடைந்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். கிடைக்காவிட்டால் லேத்தை மூடிவிடப் போவதாக மதாம் தெளிவாகவே சொல்லிவிட்டார். அதாவது ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கிடைத்தால் சேகருக்கு போர்மேன் வேலை என்றும் ஒரு பேச்சு இருந்தது.

சனிக்கிழமை மதியம் நான் கம்பெனிக்குப் போயிருந்தேன். மதாம் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். "சேகர், இது மேல ஒரு துணியாவது போட்டு மூடிடு. வர்றவங்க இதப் பாத்தா ஓடிடுவாங்க."

அதற்கு சேகர் "சரிங்க மதாம்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொல்ல விட்டால்தானே.

"மதாம், என்கிட்ட ரெண்டு நாள் குடுங்க. திங்கட்கிழமை காலைல புதுசு மாதிரி கொண்டாந்து வைக்கிறேன்" என்றேன்.

சேகர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கல்யாணமே கலைந்துபோகும் அளவுக்கு அர்த்தம் இருந்தது. நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஏழுமலை அண்ணன்தான் பெட்டியைத் துணியில் சுற்றி, ஆட்டோவரைக்கும் தானே தூக்கி வந்தார். "மேடம், ஒன்னே ஒன்னு. அந்த மூலைல ஒரு சீட்டு..."

"எல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே. இதுமாதிரி எத்தனையோ பாத்துட்டேன்."

"இல்ல மேடம், அந்தச் சீட்டு வந்து..."

"அண்ணே, கவலையே படாதீங்க!" என்று ஆட்டோவைக் கிளப்பச் சொன்னேன். அவர் கையை நீட்டியபடி கேட்டில் நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருவிழா. முதலில் பெட்டியின் உள்ளே பார்த்தேன். போர்டில் இருந்த சின்ன பாட்டரி பச்சையாகக் கசிந்திருந்தது. இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டருக்குத் தன் வயிற்றில் இருக்கும் டிஸ்க் எப்படிப்பட்டது என்பதை மூன்று எண்களாக நினைவில் வைத்திருக்க அந்த பாட்டரிதான் தெம்பு. அதைப் பிடுங்கினால் மறந்துவிடும். ஆகவே பிடுங்குவதற்கு முன்னால் அந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இது பாலபாடம். வகுப்பில் எத்தனையோ முறை நானே சொல்லிக்கொடுத்தது.

நான் குறித்துக்கொள்ளவில்லை. எந்த டிஸ்க்காக இருந்தாலும் இன்டர்நெட்டில் எண் கிடைக்கும் என்ற திமிர். பாட்டரியைப் பிடுங்கி, புதுசு வைத்து, போர்டைக் கழுவிக் காயவைத்தேன்.

அடுத்து முகப்பு. பல வருடச் சந்தனத்தை வெந்நீர் விட்டுக் கரைத்தேன். கீழே செல்லோ டேப், அதன் கீழே இன்னொரு செல்லோ டேப், அதன் கீழே பழுப்பேறிய ஒரு காகிதச் சீட்டு. பால்பாயிண்ட் பேனாவில் என்னவோ கிறுக்கியிருந்தது. படிக்கக்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு மணி நேரம் போராடி, சீட்டு இருந்த சுவடே தெரியாமல் எடுத்து, சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத வார்த்தை இல்லை.

பிறகு கிரீம் பூசி, தாள் சுற்றி, மொட்டை மாடியில் மாமியார் கருவாடு காயப்போட்டிருந்த பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மீன்பிடிக்கிற ஊரான பிள்ளைச்சாவடிக்காரர். காக்காய் விரட்ட வந்தவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "பொண்ணுக்குக் கூட இப்டி பூசி வுட்டதில்ல நாங்க. இதுக்கு எப்ப முகூர்த்தம்?"

"நாளைக்கு அத்தை" என்றேன். குப்பைக்காரர் மறுநாள் விடியற்காலையில் சீட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, எட்டரை மணிக்கே கம்பெனியில் நின்றேன். துணியை விலக்கியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். பால் வெள்ளை. மதாம், "திரே பியேன்! ரொம்ப நல்லாருக்கு! இது அதேதானா?" என்றார். நான் அடக்கமாகச் சிரிக்க முயன்றேன் (வரவில்லை).

ஏழுமலை அண்ணன் மட்டும் வெண்மையைப் பார்க்கவில்லை. வலது மூலையையே பார்த்தார். விரலால் தடவினார்.

"மேடம், இங்க ஒரு சீட்டு இருந்துதே?"

"எடுத்துட்டேண்ணே. தடயமே இல்ல பாருங்க!"

அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வந்து நின்றது.

"டிஸ்க் சரியில்லன்னு சொல்லுது" என்று மதாம் படித்துச் சொன்னார்.

"ஒன்னுமில்ல மதாம், நம்பர் குடுத்தா சரியாயிடும்" என்று போனில் தேடி, கண்ட எண்களைக் கொடுத்தேன். அதே வரி. வேறு பட்டியலில் வேறு எண்கள். அதே வரி. கொடுக்கக் கொடுக்க அந்தப் பிரெஞ்சு வரி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு விருந்தாளிகள்.

அப்போதுதான் ஏழுமலை அண்ணன் வாயைத் திறந்தார். "டிஸ்க்கு மாட்டுன இஞ்சினியரு புத்தகத்துல இருக்கிறத வுட்டுட்டு வேற நம்பரு போட்டாரு மேடம். 'ஏழுமல, இது என்னிக்காச்சும் மறந்துடுச்சின்னா இந்த மூணையும் ஊட்டு'ன்னு சீட்டுல எழுதி ஒட்னாரு. அது அழியக் கூடாதுன்னுதான் டேப்பு ஒட்டி, மேல சந்தனம் வச்சிக்கினு வந்தேன். கேட்டுலயே சொல்ல வந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. சேகர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "இன்னா வேல பண்ணி வச்சிருக்க நீ?" என்றார். என் திமிருக்கு ஏழுமலை அண்ணனின் பிழைப்பு போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"நம்பர் ஞாபகம் இருக்காண்ணே?"

"சந்தனம் மூடுறதுக்கு முன்ன தெனம் பாத்தேன் மேடம். படிக்கல. சாமி படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறத யாரு படிக்கிறா?"

மதாம்தான், "போட்டோ இருக்குமே! பூஜை போட்டோ!" என்றார். எல்லோரும் போனை எடுத்தார்கள். வருடத்துக்கு ஒன்றாக, பூஜை போட்டோக்கள் வந்தன. ஒன்றில் மூலையைச் சந்தனம் மறைத்தது. ஒன்றில் மாலை. மிச்சம் எல்லாவற்றிலும் ஏழுமலை அண்ணனின் உள்ளங்கை. அத்தனை வருடமும் அதே மூலையில்தான் கையை வைத்திருந்தார் மனுஷன்.

"நான் பைக்குலேர்ந்து வுழுந்து கால் கட்டோட ஊட்ல கெடந்தனே, அந்த வருசம் யாரு பொட்டு வச்சது?" என்றார் திடீரென்று.

"நான்தாண்ணே" என்றார் சேகர். "மூலைல பழைய சந்தனம் உதிர்ந்து கெடந்துது, தொடச்சிட்டு நடுவுல வச்சேன். போட்டோகூட எடுத்து..." என்று நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். "அந்த போன் போயிடுச்சி. ஆனா உனக்கு அனுப்பினேன்."

நான் போனில் பின்னோக்கித் தள்ள ஆரம்பித்தேன். பள்ளிக்கூட நோட்டீஸ், மகளின் பிறந்தநாள், வெங்காயம் வாங்கி வரச் சொன்னது, திரும்பவும் வெங்காயம். பொறுமையில்லாமல் சேகர் போனைப் பிடுங்கிக்கொண்டு தள்ளினார். கடைசியில் வந்தது. நடுவில் கோணலாக ஒரு பொட்டு. மூலையில் தெளிவாகச் சீட்டு.

சேகர் பெரிதாக்கிப் படித்தார். "எட்டு ஒன்னு மூணு. பதினாறு. அப்புறம் முப்பத்திரண்டா, எண்பத்திரண்டா தெரியல."

"முப்பத்திரண்டு. அந்த மூணாவது எண் எந்த டிஸ்க்குலயும் அறுபத்துமூணுக்கு மேல போகாது" என்றேன். அன்றைக்கு என் படிப்பு உபயோகப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

எண்களைத் தட்டினேன். கம்ப்யூட்டர் செருமியது, யோசித்தது, வழக்கமான திரைக்கு வந்து நின்றது. ஏழுமலை அண்ணன் எழுந்து லேத்தைப் போட்டார். பித்தளைச் சீவல் சுருள் சுருளாக விழுந்தபோது நான் அழுதுவிட்டேன். அதை ஒளிக்கவும் இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். "போட்டோவுக்குக் கீழ என்னவோ எழுதியிருக்கே?" என்றார் மதாம்.

சேகர் உரக்கப் படித்தார். அந்தப் போட்டோவுக்கு அன்றைக்கு நான் அனுப்பிய பதில்: "பொட்டு ஓகே. மூலைல இருக்கிற அந்த அழுக்கு சீட்டப் பாத்தாலே வாந்தி வருது. யாராவது பிச்சி எறியுங்களேன்." அதற்குக் கீழே சேகரின் பதிலும் இருந்தது: "ஏழுமலை அண்ணன் கொன்னுடுவாரு."

கம்பெனியே சிரித்தது. ஏழுமலை அண்ணன்கூட, அன்று முதல் தடவையாக. பதினோரு மணிக்கு வந்த சென்னைக்காரர்கள் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, இங்கே வேலை செய்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆர்டர் கிடைத்தது. அவர்கள் கார் கிளம்பியதும் ஏழுமலை அண்ணன் ஒரு ஆணியை எடுத்துவந்து, நான் ஒரு பகல் வெயிலில் வெளுத்த அந்தப் பால் வெள்ளை பிளாஸ்டிக்கில் மூன்று எண்களையும் ஆழமாகக் கீறினார். நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

மதாம் புது கம்ப்யூட்டர் வாங்கியது இரண்டு வருடம் முன்னால்தான். நான் துண்டு போட்டபடியே பழையது என்னிடம் வந்துவிட்டது. கொண்டுவந்து இறக்கிய ஏழுமலை அண்ணன், துடைக்க மாட்டேன் என்று என் மகள் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். என் முப்பத்தோரு கம்ப்யூட்டர்களில் அழுக்காக இருப்பது அது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு அவரே வந்து சந்தனம் வைத்துவிட்டு, போன வருடச் சந்தனம் பத்திரமாக இருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்.

வீட்டில் என் நிலைமை இன்னும் மோசம். நான் கையில் துணியை எடுத்தால் மகள், "இரும்மா, போட்டோ எடுத்துக்கிறேன்" என்கிறாள். மாமியார் மீன் கழுவக்கூட என்னிடம் கொடுப்பதில்லை. போன வாரம் சேகர் தலைக்கு டை அடித்துவிடச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கிண்ணத்தில் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தால், மனுஷன் கையை உயர்த்தி நிறுத்தி, போனை மகளிடம் நீட்டினார்.

"மொதல்ல நாலு பக்கமும் ஒரு போட்டோ எடு. உங்கம்மா தொட்டதுக்கு அப்புறம் நான் யாருன்னு எனக்கே மறந்துடும்."