ஆறு காதுக் குழந்தை

கிதார் அரிசி டிரம்முக்குள் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. இடுப்பு வரை போயிற்று. அதற்கு மேல் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள் அருள்நாதனின் மனைவி இருதயமேரி.

"அழுத்தினா உடைஞ்சிடும் மேரி."

"உடைஞ்சா நல்லதுதான். ரெண்டு துண்டா ஒளிச்சு வைக்கலாம், சுலபம்."

அருள்நாதன் காதில் விழாத மாதிரி கிதாரை வெளியே உருவி, அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டான். நாலு மணிக்கு எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவன் தங்கை லூர்துராணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மணி மூன்றே கால். அதற்குள் அந்தக் கிதார் பாலக்கரையிலிருந்த அந்த ஒண்டிக்குடித்தன வீட்டிலிருந்து மாயமாகிவிட வேண்டும்.

அருள்நாதன் பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தா. அவனுக்கு மேலதிகாரியாக இருந்த ரோசாரியோ துரை, போன வருஷம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, "நீயே வச்சுக்கோ மேன்" என்று கொடுத்துவிட்டுப் போன கிதார் அது. சும்மா கிதார் இல்லை, கரண்ட் கிதார். செவ்வாழை நிறம். நடுவில் கெட்டிக் கட்டை, இரண்டு பக்கமும் பொள்ளல், மேலே வயலினுக்கு இருப்பது போல இரண்டு ஓட்டை. தலையில் பக்கத்துக்கு மூன்றாகத் தந்தி முறுக்கும் ஆறு ஆணி. கரண்ட் இல்லாமல் தட்டினாலும் ஏதோ கொஞ்சம் முனகும். கரண்ட் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

கரண்ட் கொடுக்க ஒரு பெட்டி வேண்டுமே! அதை ஸ்ரீரங்கத்து ரேடியோ மெக்கானிக் ரங்கசாமி செய்து கொடுத்தார். பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றைக் கிழித்து, கிதாரிலிருந்து வரும் ஒயரை அதற்குள் நுழைத்துப் பற்றவைத்தே விட்டார். "கழட்டி மாட்டற பின்னெல்லாம் இங்கே கிடைக்காது ஸ்வாமி. பெருமாளையும் தாயாரையும் போல சேர்த்து வெச்சுட்டேன். இனிமே பிரிக்கப்படாது" என்று நெற்றி நாமம் சுருங்கச் சிரித்தார். அன்றிலிருந்து கிதார் போகுமிடமெல்லாம் பெட்டியும் போக வேண்டியிருந்தது. ஒன்றை ஒளிப்பதே கஷ்டம். இரண்டை ஒளிப்பதென்றால்?

ஒளிக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே லால்குடியிலிருந்து வந்த ஒரு நல்ல வரன் இந்தக் கிதாரால்தான் தட்டிப் போயிற்று. "கிதார் வாசிக்கிற வீடா? ராத்திரியானா டான்ஸ் ஆடுற கூட்டமால்ல இருக்கும்!" என்று பேசிக்கொண்டே, ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பா அம்மா இல்லாத பெண். அன்றைக்கு அவள் காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்த காட்சி அருள்நாதன் மனசை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கிதாரில் இரண்டே இரண்டு ஞானப்பாட்டுதான் வரும். அதிலும் ஒன்று பாதியில் நின்றுவிடும். அந்த ஒன்றரைப் பாட்டுக்காகத் தங்கை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று அவன் தவித்தான்.

இந்த வரன் தானாகவே தேடிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை அடைக்கலராஜ் டெலிபோன் லைன் சூபர்வைசர். "ரொம்பக் கட்டுப்பாடான குடும்பம். ஜெபமாலை சொல்ற சத்தத்தைத் தவிர அந்த வீட்டுல வேற சத்தமே கிடையாது" என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் நம் வீட்டை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்று அருள்நாதன் கேட்கவில்லை. கேட்டு, அவர்கள் யோசிக்க ஆரம்பித்து, மனசு மாறிவிட்டால்?

பரணில் ஏற்றிப் பார்த்தார்கள். கிதாரின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு வருகிறவர்களை எட்டிப் பார்த்தது. பாய்க்குள் சுருட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் பிரேதம் கிடப்பது போலிருந்தது.

உள் அறையில் தலை பின்னிக்கொண்டிருந்த லூர்துராணி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. பூ வச்சுக்கிட்டு உள்ள உக்காரு. எல்லாம் அண்ணன் பார்த்துக்கிறேன்."

"இல்லண்ணே, அந்தக் கிதாரு..."

"அந்தப் பேச்சையே எடுக்காதே! அவங்க எதிர்ல வாய் தவறிக்கூட அந்த வார்த்தை வரக்கூடாது, தெரியுதா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வருஷம் பூராவும் தாமதமாக வருகிற டவுன் பஸ் அன்றைக்கென்று சீக்கிரம் வந்து தொலைத்திருந்தது.

அருள்நாதனுக்குக் கை கால் ஓடவில்லை. மேரிக்குத்தான் ஓடியது. கொடியில் கிடந்த பழைய சேலையை இழுத்தாள். முன்பு குடியிருந்தவர்கள் உத்தரத்தில் விட்டுப்போன வளையத்தில் மாட்டித் தூளி கட்டினாள். கிதாரை அதில் படுக்கவைத்து, ஒரு துண்டைப் போர்த்தினாள். பெட்டியைத் தூளிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்து, ரேடியோ போலவே கரண்டில் செருகி, பூத்துணி விரித்தாள். பார்க்கிறவர்களுக்கு அது ரேடியோ. "வாங்க, வாங்க" என்று அவள் கதவைத் திறந்தபோது ஒரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது.

நாலு பேர் வந்தார்கள். முதலில் மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து, கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டுடன். அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. பிறகு மாப்பிள்ளை. கடைசியில், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் லைன்மேன் காத்தான், பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் நின்றான்.

மாப்பிள்ளை உட்கார்ந்ததிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூலையைப் பார்த்தான். பரணைப் பார்த்தான். சுவரில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்தான். வீட்டை எடை போடுகிறான் என்று அருள்நாதனுக்கு வியர்த்தது.

"குழந்தை தூங்குதா?" என்று தூளியைப் பார்த்துக் கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க" என்றாள் மேரி.

"உங்களுக்குக் கல்யாணம் தை மாசம்தான் ஆச்சுன்னு சாமியார் சொன்னாரே?" அந்த அம்மாளின் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் மெதுவாக ஏறி இறங்கியது. அப்போது ஆனி மாசம்.

மேரியின் முகம் வெளுத்தது. "ஐயையோ, எங்க குழந்தை இல்லீங்க! பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா குழந்தை. கடைக்குப் போயிருக்காங்க, பார்த்துக்கச் சொன்னாங்க."

அருள்நாதன் மூச்சு விட்டான். விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பதற்குள் பக்கத்து வீட்டு மாரியாயி, "மேரி, முறம் இருந்தாக் கொடேன்" என்று உள்ளே வந்தாள். தலை முழுக்கப் பஞ்சாக நரைத்தவள். வாயில் இருந்த பற்களும் பெயருக்குத்தான் இருந்தன.

"இவங்கதான் மாரியாயி அக்கா" என்று சொல்லித் தொலைத்தான் அருள்நாதன், பதற்றத்தில்.

மாப்பிள்ளையின் அம்மா அந்த நரைத்த தலையையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கர்த்தர் நினைச்சா எந்த வயசிலேயும் குடுப்பாரு. குழந்தை நல்லா இருக்கட்டும்மா" என்றாள்.

"எந்தக் குழந்தை? என் கடைசிப் பய மிலிட்டரியில இல்ல இருக்கான்!"

"அக்காவுக்கு ஞாபகமறதி" என்று மேரி அவள் கையில் முறத்தைத் திணித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனாள். போகிற வேகத்தில் இடுப்பு இடித்துத் தூளி சுவரில் மோதியது. உள்ளேயிருந்து 'ங்ங்ம்ம்ம்' என்று நீளமாக ஒரு முனகல் வந்தது.

"அடப் பாவமே, நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பெத்தவளுக்கு ஞாபகமறதி, பிள்ளைக்குச் சளி. இதை யாரு கவனிப்பா? ஏங்க, ஒரு ஜெபம் சொல்லி நெத்தியில சிலுவை போட்டு விடுங்க."

சவரிமுத்து எழுந்தார். நோயாளியைப் பார்த்தால் ஜெபம் சொல்லாமல் நகராத மனிதர். அருள்நாதன் குறுக்கே போனான். "வேண்டாங்க, முழிச்சுக்கும்!"

"என் கை ரொம்ப மெத்துன்னு இருக்கும் தம்பி" என்று அவர் கண்ணை மூடி, ஜெபத்தை முணுமுணுத்தபடி தூளிக்குள் கையை விட்டார். நெற்றியைத் தேடிக் கை தடவித் தடவிப் போயிற்று. ஜெபம் சட்டென்று நின்றது. திரும்பத் தடவினார். முகத்தில் கலவரம் தெரிந்தது.

"தம்பி" என்றார் தாழ்ந்த குரலில், "இந்தப் பிள்ளைக்கு இந்தப் பக்கம் மூணு காது இருக்கு."

கை இன்னொரு பக்கம் தடவிப் போயிற்று.

"அந்தப் பக்கமும் மூணு இருக்கு."

பேச்சை மாற்றியாக வேண்டும். உடனே மாற்ற வேண்டும். அருள்நாதனின் புத்தி அந்த ஒரு வேலையை மட்டும்தான் செய்தது. "ரேடியோ கேக்கலாங்களா? நியூஸ் வர்ற நேரம்!" என்று பாய்ந்து போய், ரேடியோ போல வைத்திருந்த பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். அது ரேடியோ இல்லை என்பது தட்டிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

வால்வு சூடேற நேரம் பிடித்தது. எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் லேசாக ஒரு ரீங்காரம் வந்தது. தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியின் சத்தம் கிதாரின் பொள்ளலுக்குள் புகுந்தது. கிதார் அதைத் திருப்பிப் பெட்டிக்கே அனுப்பியது. பெட்டி இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தது. 'ஊஊஊ' என்று ஒரு ஊளை கிளம்பி, ரயில் எஞ்சின் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. ஓடு அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "மாதாவே!" என்று கணவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். சவரிமுத்து தூளியை நோக்கிப் பெரிய சிலுவையாகப் போட்டார்.

காப்பித் தட்டோடு வந்த லூர்துராணி தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். தூளிக்குள் இரண்டு கையையும் விட்டாள். ஒரு கையால் தந்திகளை அமுக்கினாள். மறு கையால் ஏதோ குமிழைத் திருகினாள். ஊளை நின்றுவிட்டது. பயத்தில் கை எக்குத்தப்பாகப் போனாலும் நல்ல இடத்துக்குப் போயிற்றே என்று அருள்நாதன் கர்த்தருக்கு நன்றி சொன்னான்.

துண்டு விலகியிருந்தது. தூளிக்குள் செவ்வாழை நிறத்தில் குழந்தை பளபளத்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அருள்நாதன் கையைக் கூப்பினான்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. இது கிதாருங்க. என்னோடது. நான்தான் வாசிக்கிறேன், என் தலையெழுத்து. நீங்க கட்டுப்பாடான குடும்பம்னு சொன்னாங்க, அதான் பயந்து ஒளிச்சு வச்சேன். தப்பு பூரா என்மேலதான்."

மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தான். "வாசிக்கிறது நீங்களா?"

"நான் மட்டும்தாங்க!"

"உங்க தங்கச்சி?"

"ஐயோ, அது பக்கத்துலகூட வராதுங்க!"

"இதுல அவங்களுக்குப் பிரியம் உண்டா?"

"பிரியமா? கிதார் சத்தம் கேட்டாலே தலைவலின்னு படுத்துடும். ஜெபமாலை உண்டு, அடுப்படி உண்டு. இதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லைங்க, அந்தோணியார் மேல சத்தியமா!"

மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. லூர்துராணி தலை குனிந்துகொண்டாள். "அண்ணே" என்றாள். மேரி அவள் கையைக் கிள்ளினாள்.

"நாம கிளம்பலாம்ப்பா" என்று அடைக்கலராஜ் எழுந்தான்.

"என்னடா, நீதானே இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு நின்னே?" என்றார் சவரிமுத்து, இன்னும் படபடப்பு அடங்காமல்.

"ஏதோ தப்பா நினைச்சுட்டேன்ப்பா. வாங்க."

போச்சு, இதுவும் போச்சு என்று அருள்நாதன் நினைத்தான். இன்னொரு தடவை அவள் காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. வாசலை மறித்து நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போகாதீங்க மாப்பிள்ளை! உங்க கண் எதிரிலேயே அதை அடுப்புல வச்சிடறேன். இனிமே இந்த வீட்டுல கிதார் சத்தமே கேக்காது, போதுங்களா?"

பழத்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதுவரை கதவோரம் நின்றிருந்த லைன்மேன் காத்தானுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சார், அடுப்புல கிடுப்புல வச்சுத் தொலைச்சிடாதீங்க! நீங்க ஆபீசுக்குப் போன பொறவு பகல்ல உங்க தங்கச்சி சாத்தின ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து அதை வாசிக்கிறதைக் கேக்கத்தான், ரிப்பேரே இல்லாத உங்க வாசக் கம்பத்துல எங்க சூபர்வைசர் மாசக்கணக்கா ஏறி ஏறி இறங்கிட்டிருக்காரு!"