குல்தென் சர்வீஸ் போட்ட பர்வம்

துருக்கியின் எஸ்கிஷெகிர் நகரத் தபால் நிலையத்தின் மூன்றாம் ஜன்னலை இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு குடைக்கீழ் ஆள்பவளும், ஓங்கி ஒரு முறை முத்திரை குத்தினால் அடியிலுள்ள நான்கு தாள்களிலும் தேதி பதியுமளவு தோள்வலி வாய்ந்தவளும், வரிசை மீறி வந்த வக்கீலை ஒற்றைப் புருவம் உயர்த்தியே வாலுக்குத் திருப்பியனுப்பிய பேராற்றலாளும், ஐம்பத்திரண்டு அகவை கடந்த அருந்திறல் நங்கையுமாகிய குல்தென் வாழ்க! அவள் முழங்காலுறைகள் வாழ்க! அவை நழுவாதிருக்கக் கட்டிய கறுப்பு ரப்பர் பட்டைகளும் வாழ்க!

மலையெனத் திரண்ட அம்மாதரசிக்கு மண்ணுலகில் அச்சம் ஒன்றே ஒன்றுதான். அது கைப்பந்தாட்டத்தின் சர்வீஸ்.

முன்வரிசை மூவர், பின்வரிசை மூவர் என அறுவர் நிற்கும் அவ்வாட்டத்தில், எதிரியின் சர்வீஸை முறியடித்துப் புள்ளி பறிக்குந்தோறும் அறுவரும் கடிகார முள் சுழலும் திசையில் ஓரிடம் நகர வேண்டும் என்பதும், அவ்வாறு நகர்ந்து பின்வரிசை வலமூலையை அடைபவள், விரும்பினும் விரும்பாவிடினும், எல்லைக்கோட்டுக்கு அப்பால் தன்னந்தனியளாய் நின்று பந்தை வலை தாண்டி அனுப்ப வேண்டும் என்பதும் மாற்றவொண்ணா விதி. இலையுதிர் காலத்தில் பெண்கள் வகுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே குல்தென் அனுப்பிய பந்து, வலையை நோக்காது தன் அணித் தோழி சுஹெய்லாவின் பின்மண்டையை நோக்கிச் சென்று சேர்ந்தது. அன்றுமுதல் பன்னிரு வாரங்கள், வலமூலை நெருங்குந்தோறும் அவள் காலணிக் கயிறு அவிழ்ந்தது, முழங்கால் வலித்தது, ஒருமுறை, வீட்டில் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் மாற்றாள் ஒருத்தி இறங்கி அவள் மானம் காத்தாள்.

காக்கப்படாத இடமொன்று இருந்தது. குல்தெனின் கணவருடைய தங்கை பெரிஹான், ஞாயிறுதோறும் காலையுணவு மேசையில் ஆலிவ் கிண்ணத்தை வலையாகவும் வெண்ணெய்த் தட்டைச் சுஹெய்லாவின் மண்டையாகவும் நிறுத்தி, அந்த முதல் சர்வீஸை நடித்துக்காட்டி வந்தாள்.

அந்தப் பெரிஹானே ரயில்வே குடியிருப்பு அணியின் இடிமுழக்கத் தலைவி. அவ்வணிக்கும் குல்தெனின் ரொட்டிக்கடைத் தெரு அணிக்கும் அந்தச் சனிக்கிழமை மூண்டதோ மாபெரும் போர். வெல்வோர்க்குப் பனிக்காலம் முழுதும் உள்ளரங்கில் பதினொரு மணி வகுப்பு. தோற்போர்க்கு, வெந்நீர்க் குழாய்கள்கூட விழித்தெழாத காலை ஏழு மணி வகுப்பு. ஒரே ஒரு செட், இருபத்தைந்து புள்ளி, இரண்டு புள்ளி முன்னிலை. ஊழ்வினையின் கொடுமையைப் பாரீர்: மாற்றாள் பேரக்குழந்தையைப் பார்க்க பூர்சாவுக்குப் போயிருந்தாள். வந்தவர்கள் மிகச் சரியாக அறுவர்.

குதித்தனர்; வழுக்கினர்; தம் பந்தைத் தாமே மிதித்தனர். கடல் இரண்டு மோதியதுபோல் முழங்கைகள் மோதின. முடிவில் ரயில்வே இருபத்துநான்கு, ரொட்டிக்கடை இருபத்துமூன்று என நின்றது களம். குல்தென் நின்றதோ முன்வரிசை வலக்கோடியில். இன்னும் ஒரு சுழற்சி, அப்பால் வலமூலை.

வலைக்கு மறுபுறம் பெரிஹான், ஜாம் குப்பியை நீட்டுபவள்போல் இனிமையாகச் சொன்னாள்:

"அண்ணி, இந்தப் பாயிண்ட்டை நீங்க ஜெயிச்சா அடுத்த சர்வீஸ் உங்களுதுதான். யோசிச்சு ஆடுங்க."

யோசித்தாள் குல்தென். தோற்றால் ஏழு மணிக் குளிர். அது போர்வையால் தீரும். வென்றாலோ, உலகமே நோக்க வலமூலை. எதிரியின் சர்வீஸ் வந்தது. பின்வரிசைத் தோழி முன்கைகள் இணைத்து அதை ஏந்தினாள். சுஹெய்லா பத்து விரல்நுனிகளால் மேலே தூக்கிக் கொடுத்தாள். மூன்றாம் தொடுகை குல்தெனுக்குரியது. அதற்கு மேல் தொட விதியில் இடமில்லை. கனிந்த மாதுளைபோல் பந்து கண்முன் தொங்கிற்று. 'விட்டுவிடு' என்றது நெஞ்சம். இருபத்தாறு ஆண்டுகள் எதையும் முத்திரையிடாது விட்டறியாத அவ்வலக்கை, உடையவளிடம் ஒரு வார்த்தை கேளாது ஓங்கி இறங்கியது. பெரிஹானின் காலடியில் தரை அதிர்ந்தது.

இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. தோழியர் ஆர்ப்பரித்தனர். குல்தென் ஒருத்தி மட்டும், தான் செய்த கொடுமையை உணர்ந்து சிலையாய் நின்றாள்.

பிறகு, அன்று நடுவராகவும் நின்ற பயிற்சியாளர் மெல்தெமிடம் மெல்லச் சென்று, "முட்டி வலிக்குதும்மா" என்றாள்.

"தெரியும் அக்கா. எனக்கும் வலிக்குது," என்றாள் மெல்தெம், விசிலை வாயருகே கொண்டுசென்றபடி. "விசிலுக்கப்புறம் போட எட்டு செகண்டு இருக்கு."

விசில் ஒலித்தது. எட்டு நொடிகள் எட்டு ஊழிகளாயின. கண்ணிரண்டும் மூட, இடுப்பளவிலிருந்து பந்தைத் தட்டினாள். அது எழுந்தது, தளர்ந்தது, வலையின் மேல்விளிம்பில் அமர்ந்து, இரு நாடுகளையும் மாறி மாறி நோக்கி, பெருமூச்செறிந்து, அந்தப் பக்கமாய்ச் சரிந்து விழுந்தது.

"வலையில பட்டுச்சு," என்றாள் பெரிஹான்.

"பட்டா என்ன? தாண்டிடுச்சுல்ல. இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலு," என்றாள் மெல்தெம்.

கடன் கழிந்தது என்றெண்ணிய குல்தென், நிமிர்ந்த நன்னடையுடன் தண்ணீர்ப் புட்டியை நாடிச் செல்ல, சுஹெய்லா அவள் சட்டையைப் பிடித்திழுத்தாள். "எங்க போற? பாயிண்ட் எடுத்தவதான் மறுபடியும் போடணும்."

பன்னிரு வாரங்களில் அவள் அறியாத விதி அது; அறியுமளவுக்கு அவள் சர்வீஸ் ஒன்றும் வலை தாண்டிப் புள்ளி தந்ததில்லை. வென்றவளுக்கே மீண்டும் தண்டனை என்றுணர்ந்த கணத்தில், அச்சம் இருந்த இடத்தில் சினம் குடியேறியது. கோட்டுக்குப் பின் சென்றாள். பந்தைத் தலைக்குமேல் உயர்த்தினாள். அரங்கின் நாற்சுவரும் கேட்க முழங்கினாள்:

"பெரிஹான், பதிவுத்தபால் வருது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

அடித்தாள். கூரை விளக்குகளை உரசுவதுபோல் எழுந்த பந்து, பருந்தென வட்டமிட்டு, பெரிஹானுக்கும் அவள் பின்னால் நின்றவளுக்கும் நடுவே இறங்கலாயிற்று. இருவரும் நல்ல குடும்பத்துப் பெண்கள்.

"நீங்க எடுங்க," என்றாள் பெரிஹான்.

"பரவால்ல, நீங்களே எடுங்க," என்றாள் மற்றவள்.

பந்து தரையில் விழுந்து, இருமுறை துள்ளி, அடங்கிற்று. இருபத்தாறுக்கு இருபத்துநான்கு! விண்ணதிர எழுந்தது ரொட்டிக்கடைத் தெருவின் வெற்றி முழக்கம். அறுவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து குன்றாய்க் குவிந்தனர். அக்குன்றின் அடியில், மூச்சுமுட்ட, முகம் மலர, பதினொரு மணியைப் பாரினில் நிலைநாட்டிய பெருவீரி குல்தென் கிடந்தாள்.

மறுநாள் காலை அவளால் வலக்கையைத் தூக்க முடியாததால், கணவர்தான் தலை வாரிவிட்டார்.