கடலைக்கு வராத எலிகள்

"இன்னைக்கும் திரும்பிடுச்சு சார்!"

கிரிதரின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. பீங்கான் தடுப்புகள் வைத்துக் கட்டிய புதிர்ப்பாதையின் கடைசி வளைவு வரைக்கும் வந்த பெண் எலி, மூலையில் இருந்த வேர்க்கடலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே நடையைக் கட்டிவிட்டது.

விருத்தாசலத்தில் ஒரு மருந்தியல் கல்லூரியில் கிரிதர் ஆய்வு மாணவன். அல்சைமர் நோய் மாதிரி மறதி உண்டாக்கிய எலிகளுக்குப் புது மருந்து கொடுத்து, ஞாபகம் திரும்புகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. வழி தப்பாமல் கடலைக்குப் போய்ச் சேர்ந்தால் மருந்து பலித்தது என்று அர்த்தம். ஆண் எலிகள், பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி கடலைக்குப் பாய்ந்தன. பெண் எலிகள்தான் மானத்தை வாங்கின.

"பொம்பளை எலிக்கு இந்த மருந்து வேலை செய்யல. வுடுங்க," என்றார் பேராசிரியர் பத்ரிநாராயணன். "ஆம்பளை எலியை மட்டும் வச்சு எழுதி முடிங்க."

"சார், இந்த நோயே பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது. அவங்களை எப்படி சார் வுடறது?"

பெண்ணாடத்தில் இருக்கும் அவன் அம்மா இப்போதெல்லாம் அவனைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, "எப்ப வந்தே பாண்டியா?" என்கிறாள். அதைப் பேராசிரியரிடம் அவன் சொல்லவில்லை.

"சரி, ஒரு வாரம் பாருங்க."

மருந்து போதவில்லையோ என்று எல்லா எலிகளுக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஊசியைக் கூட்டினான். கடலை இருக்கும் மூலையில் வைத்துத்தான் எலிகளுக்கு ஊசி போடுவது வழக்கம். வராத பெண் எலிகளையும் தூக்கிக்கொண்டுபோய், "இதுதாம்மா இடம், பாத்துக்க" என்று கடலையைக் காட்டி, அங்கேயே குத்தினான்.

மறுநாள் அவை முதல் வளைவிலேயே திரும்பிவிட்டன.

கடலை பிடிக்கவில்லையோ என்று கடலை மிட்டாய் வைத்தான். பிறகு தேங்காய்ச் சில்லு. ஆண் எலிகளுக்குத் தொப்பை விழுந்தது. பெண் எலிகள் வாசலை விட்டே நகரவில்லை.

பொறுமையிழந்து ஒன்றை விரலால் தள்ளினான். அது அவன் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரைக்கும் ஏறியது. கிரிதர் குதித்த குதியில் மேசை ஆடி, பீங்கான் தடுப்பு ஒன்று உருண்டு, பார்க்க வந்த பேராசிரியரின் கட்டைவிரலில் விழுந்தது.

"போதும்யா!" ஒற்றைக்காலில் நின்றபடி கத்தினார் அவர். "பெண் எலிகளுக்கு இந்த மருந்தால மறதி அதிகமாவுதுன்னு எழுதுங்க. இன்னைக்கே அனுப்பணும்!"

கிரிதர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தான். விரல் ஓடவில்லை. போனை எடுக்காதவனைத் தேடி அவன் மனைவி ராஜஸ்ரீயே வந்துவிட்டாள். ரயில்வே ஜங்ஷனில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறவள்.

"என்னங்க, மூஞ்சி இப்படி இருக்குது?"

"அம்மாவுக்கு உதவும்னு நெனைச்சேன் ராஜி. பொம்பளைங்களுக்கு இந்த மருந்து ஆவாதாம்."

"எங்க, எனக்குக் காட்டுங்க."

ஆண் எலியை விட்டான். ஓடிப்போய்க் கடலையைக் கவ்வியது. மாலை ஊசியை அங்கேயே போட்டான். 'கீச்' என்று கத்தியது. வாசலில் கொண்டுவந்து விட்டதும், மறுபடியும் அதே மூலைக்கு அதே ஓட்டம்.

பெண் எலியை விட்டான். அது ஊசியைப் பார்த்தது; மூலையைப் பார்த்தது; வாசலிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

"பாத்தியா? ஒண்ணுமே ஞாபகமில்ல," என்றான் கிரிதர்.

ராஜஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, அங்க போனா குத்துவீங்கன்னு இதுங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்குது, குத்து வாங்கினதை மறந்துட்டு மறுபடியும் கடலைக்கு ஓடறது உங்க ஆம்பளைங்கதான்!"