தூசிக்குக் காவலிருந்த ஒரிஜினல்

கண்டி மஹய்யாவயில் தூசிக்குக் காவல் இருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற தனிக்கட்டை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் ஒரிஜினல். அவருடைய அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனரின் பக்கத்தில் யாராவது துணியோடு போனால் போதும், வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: "தொடாதீங்க, அது ஒரிஜினல்."

அந்தக் காரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். மேலெல்லாம் துரு. முன் மட்காட் நசுங்கியிருந்தது. பின் சீட்டில் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. கை பிரேக் அப்பா இருந்தபோதே செத்துவிட்டது. மேட்டில் நிறுத்தினால் சில்லுக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும். அந்தக் கல்லும் அப்பா காலத்துக் கல்தான். அவர் இறந்ததிலிருந்து காரும் கல்லும் தகரக் கொட்டகையில் கிடந்தன.

ஹேவாஹெட்ட மலையில் இருந்த பாக்கியம் அக்காதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரிஜினலின் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணம் முடிந்து, தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் மகளை இந்தக் காரில் கொண்டுபோய் விட்ட அப்பா, "தலைத்தீபாவளிக்கு இதே கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா பஸ்ஸில் கண்டிக்கு வருவார், போவார். பிறந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

இப்போது அக்காவின் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு முன் வெளியேறச் சொல்லி அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் கிளம்பிவிட்டார்கள். ஒரிஜினல் வேன் பிடித்துக்கொண்டு போனார். அக்கா தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

"தங்குறதுன்னா அப்பா சொன்ன வண்டியிலதான் வருவேன்."

"அது ஓடாதுக்கா."

"ஓட வை. பெயின்ட் அடிச்சு எவன் காரையாச்சும் கொண்டாந்து என்னைய ஏமாத்தலாம்னு நெனைக்காத. எனக்குத் தெரியும்."

பிடிவாதத்தில் கடவுள் இருவருக்கும் குறை வைக்கவில்லை. கார் ஓடுவதற்கு வேண்டியதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது அன்றிலிருந்து சட்டமாயிற்று.

அலவத்துகொடையிலிருந்து பாஸ் வந்தார். மோட்டார் பழுதுபார்க்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எஞ்சினை இறக்கினார், பெட்ரோல் குழாயை மாற்றினார், கால் பிரேக்கைச் சரிசெய்தார். கார் பல நாள் இருமியது, புகைந்தது, தெருவில் காயப்போட்ட துணியையெல்லாம் கறுப்பாக்கியது. கடைசியில் ஒரு மாலை ஓடவும் செய்தது. அந்தச் சந்தோஷத்தில் பாஸ் துணியை நனைத்து டேஷ்போர்டைத் துடைக்கப் போனார்.

"பாஸ், அது எங்க அப்பா தூசி."

"தூசில என்னத்த ஐயா ஒங்கட அப்பா, எங்கட அப்பா?"

"புகையிலைத் தூசி. அப்பா புகையிலைக் கடை வச்சிருந்தாரு, அங்கருந்து வந்தது. மோந்து பாருங்க."

பாஸ் மோந்து பார்த்தார். பலமாகத் தும்மினார். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "சரி, ஈக்கட்டும்" என்று தூசியை அப்படியே விட்டுவிட்டார்.

ஆயுத பூசை வந்தது. காரைக் கழுவிவிட்டுக் கொண்டுவரச் சொன்னார் பூசாரி. "கழுவாத வண்டிக்குச் சாமி எப்படி வரும்?" என்றும் கேட்டார்.

"அப்பா காலத்துல வந்த சாமிதானே. அடையாளம் தெரியும்" என்றார் ஒரிஜினல். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைக்கப்பட்டது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஒரிஜினலும் நானும் மலைக்குக் கிளம்பினோம். என்னைக் கூட்டிப்போனது நட்புக்காக அல்ல. கல் வைக்க ஆள் வேண்டும். வழிநெடுக அதைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தலாத்துஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கார் நின்று நின்று மூச்சு வாங்கியது. நின்றபோதெல்லாம் நான் குதித்துக் கல் வைத்தேன். பின்னால் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ஒரிஜினல் ஸ்டியரிங்கைத் தடவி, "ஏறுங்கப்பா, அக்கா காத்துக்கிட்டிருக்கு" என்றார். தெருவில் வைத்துச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் குரலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா குடையோடு வாசலில் நின்றார். மூட்டை முடிச்சு எதுவும் கட்டியிருக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். துருவைத் தடவினார், மட்காட்டின் நசுங்கலைத் தடவினார், உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். ஒரிஜினல் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைபோல் நின்றார்.

"கல்லு எங்க?" என்றார் அக்கா.

நான் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இத வைக்கிறது என் வேல. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான்தான் எறங்கி வைப்பேன். அப்பா வேற யாரையும் விடமாட்டாரு." சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கப் போனார்.

"அக்கா, அது ஒரிஜினல்" என்றார் தம்பி.

அக்கா சிரித்தார். பிறகு கல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டுப் பெட்டி கட்ட உள்ளே போனார்.

அந்த மழையிலேயே மலை சரிந்து, வீட்டின் பின்பாதி மண்ணுக்குள் போயிற்று. செய்தி வந்தபோது அக்கா மஹய்யாவயில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்தபின் வந்த தலைத்தீபாவளி.

ஒரிஜினல் இந்தத் தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். சாவு வீடுகளில் அழுது பழக்கமில்லாதவன் நான், அன்று அழுதேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க தம்பி. கல்லு நான் வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமைகளில் அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். கல்லை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் துணியோடு காருக்குப் பக்கத்தில் வந்தார். நான் என் வீட்டு வாசலிலிருந்தே, "தொடாதீங்க" என்றேன்.

"சரி, ஒரிஜினல்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் அவசரமாகத் திரும்பி ஒரிஜினலின் வீட்டு வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.