கம்பியில் நின்ற கிடா

1962 செப்டெம்பர் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். தூறல் நின்று ஆறு நிமிடம் ஆகியிருந்தது. பள்ளத்தாக்கின் அடியில் மூடுபனி, மேலே வரலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கிடந்தது. அந்த நிமிடம் வரை நான் என்னை அறிவாளி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை. பிறருக்கு அதற்கு முன்பும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். படிப்பு முடிய வேண்டுமானால் ஒரு வருடம் ஏதாவது பெரிய கம்பனியில் பயிற்சி எடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது மிகப் பெரிய கம்பனி. தேயிலை உருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், டீசல் என்ஜின், டெலிபோன் என்று மலைநாட்டில் இரும்பில் எது அசைந்தாலும் அதில் அவர்களுடைய தகடு இருக்கும். ஹட்டன் கிளைக்கு என்னை அனுப்பினார்கள். வீடு நோர்வூட். அப்பாவுக்கு அங்கே சைக்கிள் திருத்தும் கடை.

பயிற்சியின் உயிர் ஒரு டயரியில் இருந்தது. வேலை நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் என்ஜினியர் கையெழுத்துப் போடுவார். வருட முடிவில் முழு டயரியையும் கல்லூரியில் கொடுத்தால்தான் சான்றிதழ். கொடுக்காவிட்டால் நேராக அப்பாவின் கடை. அங்கே எனக்கென்று ஒரு திருகுசாவியை ஆணியில் மாட்டி வைத்திருப்பதாக அவர் மாதம் ஒருமுறை நினைவூட்டுவார். செப்டெம்பர் எட்டாம் திகதியோடு என் டயரியில் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு பக்கங்கள், நாற்பத்தொன்பது கையெழுத்துகள். இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.

அந்த மாதம் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்துக் கம்பி கட்டினோம். மலை உச்சியில் பறித்த கொழுந்தைத் தலைச்சுமையாக இறக்காமல், சாக்கில் கட்டிக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டிவிட்டால், சாக்கு தானாக வழுக்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டி ஸ்டோருக்குப் போய்ச் சேரும். (தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.) கம்பியின் நீளம் இரண்டாயிரத்து நூறு அடி. சனிக்கிழமை ஒத்திகையில் அறுபது றாத்தல் (அதாவது அறுபது பவுண்டு) மூட்டை ஐம்பத்திரண்டு விநாடியில் போய்ச் சேர்ந்தது. கீழ் முனையில் தடுப்பாகக் கட்டியிருந்த பழைய லொறி டயர்களில் மோதி நின்றது. என்ஜினியர் பெரேரா மாத்தையா (சிங்களத்தில் மாத்தையா என்றால் ஐயா) வின்ச்சைத் தட்டிக் காட்டினார். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உச்சியில் வைத்திருந்த கைப்பிடிச் சக்கரம் அது.

"தம்பி, இது சரியா இருக்கு. இதில கை வைக்க வேணாம்" என்றார்.

டயரியில் அதையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. புது இயந்திரம் எதுவானாலும் முனியாண்டிக்கு ஒரு கிடா வெட்டாமல் தோட்டத்தில் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரையும் சரி என்றுவிட்டார். கோயில் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. முறை இதுதான்: பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது. சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. (சிலுப்பாத கிடாவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. காதில் தண்ணீர் போனால் யார்தான் சிலுப்ப மாட்டார்கள்?)

துரை, பெரேரா மாத்தையா, பூசாரி, இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் எல்லோரும் கீழே. உச்சியில் நான் மட்டும் பொறுப்பு. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக என்னைத் தனியாக நம்பியிருந்தார்கள். கம்பனியின் கைச்சுற்று டெலிபோன் ஒன்றும் பக்கத்தில் இருந்தது. சரியாகப் பத்தரைக்கு மாலை போட்ட கொழுந்து மூட்டையை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பத்து மணிக்கு உச்சிக்கு அருகே இருந்த மேல்லயத்திலிருந்து (லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஒரு பெண் கிடாவை இழுத்துக்கொண்டு வந்தாள். பெயர் பாக்கியம். கொழுந்து பறிப்பவள். அவள் வீட்டில் வளர்ந்த கிடாவைத்தான் முப்பத்திரண்டு ரூபாய்க்குக் கோயிலுக்கு வாங்கியிருந்தார்கள்.

"வழியெல்லாம் மண்ணு சரிஞ்சு கிடக்குதுங்க" என்றாள். "சுத்தி எறங்கணும்னா ஒரு மணி நேரம் ஆகும். நல்ல நேரம் பத்தரையோட முடியுதாம். பூசாரி மாமா என்னைய கொன்னுப்புடுவாரு."

நான் பதறியிருக்க வேண்டியதில்லை. கிடா அவளுடையது, பூசாரி அவளுடைய மாமா, நேரம் சாமியுடையது. ஆனால் என் பக்கத்தில் கம்பி இருந்தது, மூளையும் இருந்தது.

"கிடா எத்தனை றாத்தல்?" என்றேன்.

"இதைய யாருங்க நிறுத்தா?"

கொழுந்துத் தராசில் நான் நிறுத்தேன். ஐம்பத்து நான்கு றாத்தல்.

"கொழுந்து மூட்டை அறுபது றாத்தல். கிடா அதைவிட ஆறு றாத்தல் குறைவு. கம்பிக்கு வித்தியாசம் தெரியாது."

"கெடாவுக்குத் தெரியுமுங்களே" என்றாள் பாக்கியம்.

கிடாவிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஆகவே சாக்கை எடுத்தேன். நான்கு காலையும் உள்ளே விட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்டினோம். கிடா என்னைப் பார்த்தது. பரீட்சை மண்டபத்துக் கண்காணிப்பாளர் பார்க்கும் பார்வை. அப்போதுதான் எனக்கு ஒரு கவலை பிடித்தது. (கவலைப்படுவது எனக்குப் பிறவிக் குணம்.) மூட்டை டயரில் மோதும் வேகத்தில் கிடா மோதினால்? காலில் அடிபட்ட கிடாவைச் சாமிக்கு வெட்டலாமா? சாமி கோபிக்குமா? துரை கோபிப்பாரா? யோசித்து, வின்ச்சை ஒன்பது சுற்றுத் தளர்த்தினேன். கம்பி தொய்ந்தால் கிடா மெதுவாகப் போய்ச் சேரும் அல்லவா?

"கை வைக்கக் கூடாதுன்னு நேத்து அந்த மாத்தையா சொன்னது எனக்கே கேட்டுச்சுங்களே?" என்றாள் பாக்கியம்.

"அது மூட்டைக்குச் சொன்னது."

கடைசியாக ஒரு வேலை செய்தேன். டயரியில் புதுப் பக்கம் எடுத்து, 'புறப்பட்ட நேரம் 10.12' என்று எழுதினேன். வந்து சேர்ந்த நேரத்தைக் கீழே பெரேரா மாத்தையாவே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! டயரியை ஒரு துணிப்பையில் போட்டுச் சாக்கின் வாயில் கட்டினேன். கிடாவின் வாயிலிருந்து நான்கு அங்குலம்.

தள்ளிவிட்டேன்.

கிடா மிக மரியாதையாகப் போனது. கல்யாண ஊர்வலம் போன்ற வேகம். நான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். எழுபதாவது விநாடியில் வேகம் குறைந்தது. தொண்ணூறாவது விநாடியில், முக்கால் வழியில், ஓடைக்கு நேர்மேலே, தொண்ணூறு அடி உயரத்தில், கம்பி அதிகமாகத் தொய்ந்திருந்த இடத்தில் கிடா நின்றது. கொஞ்சம் முன்னே ஆடியது. கொஞ்சம் பின்னே ஆடியது. பிறகு அதுவும் நின்றது.

மூடுபனி அந்த நேரம் பார்த்து முடிவுக்கு வந்து மேலே எழும்பியது. முதலில் ஓடை மறைந்தது. பிறகு கிடா மறைந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை. அதன் நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"ம்மே..."

டெலிபோன் அடித்தது. கீழேயிருந்து பெரேரா மாத்தையா.

"தம்பி, மேல ஏதோ சத்தம் கேக்குது. கொழுந்து அனுப்பினதா?"

"கொழுந்து இல்லீங்க சேர். கெடா."

ஏழு தடவை ரிசீவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆட்டுக் கெடா?"

"ஆமாங்க சேர்."

"உயிரோட?"

"அனுப்பும்போது உயிரோடதாங்க சேர்."

பிறகு அவர் சிங்களத்தில் பேசியதை நான் எழுதப்போவதில்லை. கீழே நடந்ததைப் பிறகு பலர் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து ஆட்டுக் குரல் கேட்டதும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்களாம். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முனியாண்டி கையில பிடிச்சு வச்சிருக்காரு!" என்று அலறினாராம். உடனே இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டதாம். துரை குடையை மடக்கி ஆகாயத்தைப் பார்த்தவர் அரை மணி நேரம் விரிக்கவே இல்லையாம்.

மறுபடியும் டெலிபோன்.

"வின்ச்சில கை வச்சதா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆணியில் தொங்கும் திருகுசாவி கண்முன் வந்தது.

"வச்சேன் சேர்."

"எத்தனை சுத்து?"

"ஒன்பது சேர்."

"எண்ணினதா?"

"எண்ணினேன் சேர்."

"நல்ல காலம், அதையாவது செஞ்ச. ஒன்பதும் திருப்பி இறுக்கு. அதுக்கு மேல ரெண்டு."

தளர்த்தும்போது ஒற்றைக் கையால் சுற்றிய வின்ச், பாரம் தொங்கும்போது அசைய மறுத்தது. லயத்துக்கு ஓடி நான்கு பேரைக் கூட்டி வந்தேன். மூடுபனிக்குள் கிடாவின் குரல் நின்றிருந்தது.

"சத்தத்தையே காணோமே, செத்துருச்சா?" என்றேன்.

பாக்கியம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "இல்லீங்க. அது சத்தம் போடலைன்னா ஏதோ தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

தொண்ணூறு அடி உயரத்தில், காற்றில், தின்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பதில் கிடைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, நான்கு அங்குலத்தை விரலால் அளந்து பார்த்தேன்.

"இழுங்கய்யா! அறிவாளி ஒக்காந்துட்டாரு!" என்று பாக்கியம் கைப்பிடியைப் பிடித்தாள். ஒன்பது சுற்று. அதற்கு மேல் இரண்டு. கிடா நின்ற நாற்பத்தேழாவது நிமிடத்தில் கம்பி இறுகி முனகியது. தூரத்தில் டயரில் ஏதோ பட்ட சத்தம். கீழே பெரிய ஆரவாரம்.

நான் சரிந்த மண்ணில் உட்கார்ந்தபடியே பாதி வழி வழுக்கி, முப்பத்தொரு நிமிடத்தில் கீழே போய்ச் சேர்ந்தேன். கிடா கோயில் முன்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடைவாயில் டயரியின் சிவப்புப் பின்மட்டை கொஞ்சம் தெரிந்தது. பெரேரா மாத்தையா கையில் ஒரு கடதாசித் துண்டு. என்னிடம் நீட்டினார். என் கையெழுத்துத்தான்: 'இன்று தவறு எதுவும் நிகழவில்லை.'

மிஞ்சியிருந்தவை அறுபத்தொரு பக்கங்கள். இருநூற்று முப்பத்து மூன்று பக்கங்கள் கிடாவுக்குள்.

அங்கே அதைவிடப் பெரிய நெருக்கடி நடந்துகொண்டிருந்தது. சாமியே பிடித்து வைத்த கிடாவுக்கு நல்ல நேரம் எதற்கு என்று பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடா சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். அசைபோட்டது. நாற்பத்தேழு நிமிடம் காற்றிலும் ஈரத்திலும் தொங்கிய பிராணிக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்ன செய்யும்? ஏழு செம்பு ஊற்றினார். கிடா ஏழு தடவையும் அவரை நிமிர்ந்து பார்த்தது.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமி கையில வாங்கிப் பாத்துட்டு வேணாம்னு திருப்பிக் குடுத்திருச்சு. இனி இது கோயிலுக்கு ஆகாது. அனுப்புனவங்க எடுத்துக்கிடணும்."

"யாரு அனுப்புனது?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

பெரேரா மாத்தையா மிஞ்சிய முன்மட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் என் பெயர், முகவரி, கல்லூரி, வகுப்பு எல்லாம் அழகாக எழுதியிருந்தன.

"கெடா விலைய கோயிலுக்குக் கட்டிருங்க தம்பி" என்றார் பூசாரி. முனியாண்டிக்குத் தேங்காயும் பொங்கலும். ஆட்டுக்கறியை எதிர்பார்த்து வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தபடி பெரேரா மாத்தையா முன்னால் போய் நின்றேன். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள். கடைசியில் துரையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எண்ணுகிற பயல்தானே நீ?" என்றார். "நினைவில இருக்கிறத எல்லாம் திருப்பி எழுது. மூணு வாரம் இருக்கு. உண்மையா இருந்தா கையெழுத்துப் போடுறேன்."

எழுதினேன். எந்த நாள் எந்த ஆணி, எத்தனை அங்குலம், எத்தனை சுற்று என்று இருநூற்று முப்பத்து மூன்று பக்கங்களையும் நினைவிலிருந்து எழுதினேன். எதையும் எண்ணும் பழக்கம் வியாதியாக மாறியது அந்த மூன்று வாரத்தில்தான். செப்டெம்பர் இருபத்தொன்பதாம் திகதி கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: 'பயிலுநரின் குறிப்புகள் ஏற்கனவே ஒருமுறை முழுமையாக உள்வாங்கப்பட்டவை.' கல்லூரியில் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் வந்தது. கம்பனி ஹட்டனிலேயே வேலையும் தந்தது. அப்பா திருகுசாவியை ஆணியிலிருந்து கழற்றினார், கொஞ்சம் வருத்தத்தோடு.

கிடாவை ஹட்டன் அறையில் வைக்க முடியுமா? வாரம் இருபத்தைந்து சதம் தீனிச் செலவுக்குப் பாக்கியத்தின் வீட்டிலேயே விட்டேன். அவர்கள் அதற்கு 'டயரி' என்று பெயர் வைத்தார்கள். பணத்தை மணியோடரில் அனுப்பலாம். ஆனால் அதற்கு இருபது சதம் கமிஷன். ஆகவே சிக்கனத்தை முன்னிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே நேரில் போனேன். பஸ் போக வர எண்பத்தைந்து சதம். இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று பாக்கியத்தின் அம்மா கண்டுபிடிக்க நூற்று நான்கு வாரம் ஆயிற்று. பாக்கியம் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது வரத் தாமதமானால் 'பஸ் கிடைக்கவில்லையா' என்று யாரும் கேட்பதில்லை. "எங்க, கம்பியில நிக்கிறாரா?" என்றுதான் கேட்பார்கள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதற்காவது திட்டம் போட ஆரம்பித்தால், பாக்கியம் என் கையிலிருக்கும் கடதாசியைப் பிடுங்கி நான்கு அங்குலத்துக்கு அப்பால் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த ஒன்பது சுற்றுக்கு எனக்கு ஆன செலவு: கிடா முப்பத்திரண்டு ரூபாய். புது டயரி ஒரு ரூபாய் எழுபத்தைந்து சதம். தீனி இருபத்தாறு ரூபாய். பஸ் எண்பத்தெட்டு ரூபாய் நாற்பது சதம். கல்யாணச் செலவு தனி, அதை நான் இதில் சேர்ப்பதில்லை. ஆக மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் பதினைந்து சதம்.