போஸ்ட்மார்ட்டமும் தாகம் தீராத லாரியும்

லாரிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் இந்த மதராசில் தொழில் நடத்தினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் லாரியின் ரேடியேட்டர் தண்ணீரை அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்று சொன்னதைக் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையில் லாரி மெக்கானிக்காக இருந்தார். ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால்கூட, முதலில் இஞ்சினைப் பிரித்துக் கோணிமேல் பரப்பிவிட்டுத்தான் "இன்னா கம்ப்ளைண்ட்டு?" என்று கேட்பார். அதனால் அவருக்குப் பெயர் போஸ்ட்மார்ட்டம்.

முதல் தடவை போனபோது எனக்கு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பூக்கார அம்மாவிடம், "போஸ்ட்மார்ட்டம் எங்கேம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா பூவை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்ப்பா பூட்டாங்க?"

"இன்னும் போகலைம்மா. இழுத்துக்கிட்டு கெடக்கு. அப்பா பின்னால ஓட்டிக்கிட்டு வராரு."

அவள் முகம் போன போக்கை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அப்பா கைவண்டி இழுத்து, கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் ராணுவத்தார் ஏலம் விட்ட கிழட்டு லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான், அப்போது பி.யூ.சி. வீட்டுச் சோறு, என் படிப்பு எல்லாம் அந்த லாரியை நம்பி இருந்தன. லாரி, தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் சரக்கை நம்பி இருந்தது. அந்தக் கடை மேனேஜர் அண்ணாச்சி தெற்கத்திக்காரர். தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "தீவாளிச் சரக்கு வருது வே. இன்னொரு தடவ உம்ம லாரி நடுரோட்டுல நின்னுச்சுன்னா வேற லாரியப் பாத்துக்கிடுவேன். பெறகு என்னையக் கொற சொல்லப்படாது."

லாரி நின்றதற்குக் காரணம் தாகம். கிளம்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் தளும்பும். பனகல் பார்க் வருவதற்குள் புகை மாதிரி ஆவி. அப்பா திறந்து பார்த்தால் பாதி காலி. ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நிறுத்தி வைத்தாலும் ஒழுகாது. அதுவோ குழாயடியில் ஒரு குடம் தண்ணீருக்குக் கொண்டையைப் பிடித்துக்கொண்ட காலம். பக்கெட்டோடு போய் நின்ற என்னைப் பார்த்து ஒரு அக்கா கேட்டாள்: "எங்க ஊட்டுப் பசங்களே மூஞ்சி கழுவாம கீதுங்க. உன் லாரிக்குத் தலைக்கு ஊத்தணுமா?"

போஸ்ட்மார்ட்டம் எங்கள் லாரியைச் சுற்றி வந்து, அதன் மூக்கைத் தடவி, "வாங்க, ராத்திரி நல்லா தூங்குனீங்களா?" என்று விசாரித்தார். அப்பாவிடம் திரும்பி, "இன்னாடா பண்ணி வச்சிகீற இவங்கள?" என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அதே ஸ்க்ரூ டிரைவரை என் மார்பில் ஊன்றிக் கேட்டுவிட்டு, "பிளக்குல கரி பிடிச்சிகீது" என்றார்.

அப்புறம்தான் அந்த ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்தார். "எண்ணெ கலந்திருந்தா நாக்கு வழுக்கும். வழுக்கல. அப்ப இஞ்சின் ஹெட்டு நல்லாகீது. காலேஜு, நீயும் ஒரு வாய் பாரு" என்று டப்பாவை நீட்டினார். நான் பின்வாங்கினேன். அப்பா நடுவில் புகுந்து, "படிக்கிற புள்ள, அவன வுட்டுடு நைனா" என்று எனக்குப் பதிலாகத் தானே ஒரு வாய் குடித்தார்.

தண்ணீர் பம்பைப் பிரித்தார். ஹோஸை மாற்றினார். நல்லாகீது என்று தானே சொன்ன ஹெட்டையும், "இருந்தாலும் ஒருவாட்டி மூஞ்சி பாத்துரலாம்" என்று திறந்தார். எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். சரக்கில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது லாரி மறுபடி பனகல் பார்க்கில் ஆவி விட்டது.

கடைசியில் நான் எனக்குத் தெரிந்த பௌதிகத்தைச் சொன்னேன். ஓடும்போதுதான் தண்ணீர் குறைகிறது. அதனால் ஓடும்போது கவனித்தால்தான் தெரியும் என்றேன். கொட்டகையிலேயே இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். அவர் தொடையில் தட்டினார். "காலேஜு கரீட்டா சொல்லுது!"

தீபாவளிச் சரக்கின் முதல் லோடு அன்று அவர் அதைத் தன் வழியில் செய்தார். இஞ்சின்மேல் மூடும் பானெட்டைக் கழற்றிச் சரக்கோடு பின்னால் போட்டார். முன்சக்கர மட்கார்டின்மேல் ஏறிக் குத்துக்காலிட்டு, ஒரு கையால் ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு, தலையை இஞ்சினுக்குள் விட்டுக்கொண்டார். "வுடு நைனா!"

அப்படியே உஸ்மான் ரோட்டில் போனோம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டினார்கள். போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா இது?"

போஸ்ட்மார்ட்டம் தலையைத் தூக்கவில்லை. "கேஸ் சீரியஸ் சார். வழி வுடு!"

அந்தப் போலீஸ்காரர் வழிவிட்டார். எதிரில் வந்த குதிரை வண்டியையும் ஒதுக்கினார்.

கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சரியாக நடுரோட்டில், லாரி ஆவி விட்டு நின்றது. அண்ணாச்சி குடையை ஊன்றிக்கொண்டு கடையிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். நம் சோறு போச்சு என்று நினைத்தேன்.

"மூடி!" என்று ஒரு கத்தல். "மூடிகிட்ட இருந்து வருதுடா!"

சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பிடித்து, போஸ்ட்மார்ட்டம் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். மூடியின் உள்பக்கம், ரப்பர் வாஷரைச் சுற்றி, மஞ்சள் கயிறு. ஒன்றல்ல, ஒரு கொத்து.

வெள்ளிக்கிழமைதோறும் மயிலாப்பூர் அம்மன் கோயிலில் வாங்கி அப்பா கட்டியது. வெளியே கட்டினால் காற்றில் அறுந்துவிடும் என்று உள்ளே கட்டியிருக்கிறார். கயிறு சேரச் சேர மூடியின் ரப்பர் ரேடியேட்டர் வாயில் சரியாக உட்காரவில்லை. வண்டி ஓடச் சூடேறி, தண்ணீர் அந்தச் சந்து வழியே தெறித்து, கொதிக்கிற இஞ்சின்மேல் பட்டுக் காய்ந்து போயிருக்கிறது. தரைக்கு வந்து சேர ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

"எல்லாத்தையும் புட்டுப் பாத்தேனேடா. இத்த ஏன்டா எங்கிட்ட காட்டல?"

"சாமி கயிறாச்சே. கிரீஸ் கை படக்கூடாதுன்னு, ஒவ்வொரு வாட்டியும் உங்கிட்ட வண்டி வுடறதுக்கு முன்னால மூடிய மட்டும் கழட்டி மடியில வச்சிக்கினேன் நைனா."

அதற்குள் வந்துவிட்ட அண்ணாச்சி, "அறுத்துப் போட்டுட்டு வண்டிய எடும் வே!" என்றார். "அறுக்கக்கூடாதுங்க. அதுவா விழணும். வேணா என் லோட நிறுத்திக்கோங்க" என்றார் அப்பா. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அவர் அசையவில்லை.

போஸ்ட்மார்ட்டத்தின் கழுத்தில் சிலுவை தொங்கியது. சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். எந்த இஞ்சினுக்கும் இரக்கம் காட்டாத மனிதர். ஒரு இழுப்பில் பிய்த்துவிடுவார் என்று பயந்தேன். அவரோ, வேட்டியில் கையைத் துடைத்தார். ரப்பரின் விளிம்பிலிருந்து கயிறுகளை ஒவ்வொன்றாக, அறுபடாமல், நகத்தால் நெம்பி உருவினார். அந்தப் பழைய லாரியின் மூடி வளையல் அளவு இருக்கும். உருவிய கயிறுகளைச் சூட்டோடு சூடாகத் தன் கைவழியே மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டார்.

"அறுக்கல நைனா. இங்க கீட்டும். வுழறப்ப வுழட்டும்."

அண்ணாச்சி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கடைப் பக்கம் திரும்பி, வாடிக்கைக்காரர்களுக்கு வைத்திருந்த பானைத் தண்ணீரைத் தூக்கிவரச் சொன்னார். "இன்னிக்கு நின்னது கணக்குல இல்ல வே. சரக்க எறக்கும்."

தீபாவளி வரை லாரி ஓடியது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

அந்த முதல் லோடுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா குளித்து, கோயிலுக்குப் போய், புதுக் கயிறோடு திரும்பினார். லாரி பக்கம் போகவில்லை. நேரே ராயப்பேட்டைக்கு நடந்தார். கோணிமேல் யாருடைய இஞ்சினையோ பரப்பிக்கொண்டிருந்த போஸ்ட்மார்ட்டம் நிமிர்ந்து பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார்.